டேப்லெட் எப்படி இருக்கிறது என்று நீங்களே சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. தாளில் சிவப்பு மையால் திருத்திய காலம் போய், இப்போது டேப்லெட்டில் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திருத்துகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் கண்ணும் கையும் அதன் மேல்தான். இதனாலேயே உறவிலும் தெருவிலும் யார் டேப் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். உதாரணத்துக்கு இரண்டு டேப்களை அடிக்கடி இழுப்பேன்: 2022இல் வந்த 10ஆம் தலைமுறை ஐபேட், 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். இரண்டையும் நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம், இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் விவரங்களில் எதை முதலில் பார்ப்பது?

முதலில் அதைப் பார்க்காதீர்கள். டேப்பை வைத்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பையன் ஆன்லைன் வகுப்பு பார்ப்பான்", "அப்பா செய்தித்தாள் படிப்பார்", "நான் படம் வரைவேன்". அந்த ஒரு வரிக்கு எந்த உறுப்பு முக்கியமோ அதை மட்டும் கறாராகச் சோதியுங்கள், மற்றது சுமாராக இருந்தாலும் விட்டுவிடலாம். செய்தித்தாள் படிக்கிறவருக்குத் திரையும் எடையும் போதும். சிப் எது என்று அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்க மாட்டார்.

யூடியூபில் எல்லாரும் காட்டும் பெஞ்ச்மார்க் எண்ணை, அதாவது சிப்பின் வேகத்துக்குப் போடும் மதிப்பெண்ணை, நம்பலாமா?

ஓரளவு. கீக்பெஞ்ச் 6 என்ற சோதனையில் இன்டெல் கோர் ஐ7-12700 என்ற மேசைக் கணினிச் சிப்புக்கு 2,500 மதிப்பெண் என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிடுகிறார்கள். ஒற்றைக் கோர் (சிப்பின் ஒரு மூளை மட்டும் வேலை செய்யும்) கணக்கில் அந்த ஐபேட்டின் ஏ14 சிப் ஏறத்தாழ 2,000 வாங்கும். ஏ9 பிளஸில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 695 ஏறத்தாழ 900. பாதிக்கும் குறைவு. ஆனால் வாட்ஸப் திறப்பதிலோ பாட்டுக் கேட்பதிலோ இந்த வித்தியாசம் தெரியாது. கனமான பிடிஎஃப், வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டு என்று வந்தால்தான் தெரியும்.

இன்னொன்று, எண்ணைக் காட்டுவதற்காகவே சிப்பை முடுக்கிவிடும் தில்லுமுல்லும் நடந்திருக்கிறது. 2013இலேயே சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4 போன் மீது இந்தக் குற்றச்சாட்டு வந்தது. 2022இல் எஸ்22 போன்கள், சாதாரண செயலிகளை மெதுவாக்கிவிட்டு பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டது தெரிந்ததும், கீக்பெஞ்ச்காரர்கள் அவற்றைத் தங்கள் தரவரிசையிலிருந்தே நீக்கினார்கள். அதனால் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை எண்ணிடம் விடாதீர்கள்.

அப்போது வேகத்தை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

என்னுடைய சோதனை ஒன்றே ஒன்று. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகம், 400 பக்கத்துக்குக் குறையாதது, 100 எம்பிக்கு மேல் கனமுள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ இன்டர்நெட் ஆர்க்கைவிலோ தேடினால் கிடைக்கும். இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய படம். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் சிப் அந்தப் படத்தை விரித்துக் காட்டியாக வேண்டும். மெமரியும் (ரேம்) ஸ்டோரேஜும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். டேப்பின் நாடித்துடிப்பைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

திறந்ததும் 250ஆம் பக்கத்துக்குத் தாவுங்கள். வெள்ளைப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். அரை நொடி என்றால் அருமை, இரண்டு நொடி என்றால் தினமும் எரிச்சல்தான். அப்புறம் இரண்டு விரலால் ஒரு பத்தியைப் பெரிதாக்குங்கள். எழுத்து முதலில் மங்கலாகத் தெரிந்து, பிறகு "பட்"டென்று தெளிவாகும். அந்தத் தெளிவு வர எடுக்கும் நேரத்தைத்தான் நாம் "ஸ்லோவா இருக்கு" என்று சொல்கிறோம். இருபது பக்கம் வேகமாகத் தள்ளிவிட்டு, சட்டென்று வேறு செயலிக்குப் போய், திரும்பி வாருங்கள். விட்ட பக்கத்திலேயே நிற்கிறதா, அல்லது முதலிலிருந்து திறக்கிறதா? முதலிலிருந்து திறந்தால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம்.

இதையே பதினைந்து நிமிடம் விடாமல் செய்து பாருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா டேப்பும் சமர்த்தாகத்தான் இருக்கும்.

4 ஜிபி ரேம் போதுமா? கடைக்காரர் "4 பிளஸ் 4, மொத்தம் 8" என்கிறாரே?

பிளஸ் 4 ரேமே இல்லை. ஸ்டோரேஜிலிருந்து ஒரு துண்டை எடுத்து ரேம் மாதிரி பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பின்னணியில் தூங்கும் செயலியை வைத்திருக்க உதவும், அவ்வளவுதான்.

போதுமா என்பதற்கு: அந்த ஐபேட்டிலும் 4 ஜிபிதான், என் மெய்ப்பு வேலைக்குப் போதுகிறது. ஆண்ட்ராய்டில் இன்று புதிதாக வாங்குகிறவர் 8 ஜிபி இருப்பதை எடுப்பது நல்லது. ஏ9 பிளஸ் 4/64, 8/128 (முதல் எண் ரேம், அடுத்தது ஸ்டோரேஜ்) என்று இரண்டு விதமாக வந்தது. இரண்டும் ஒரே பெயரில் விற்பதால், "ஏ9 பிளஸ் சூப்பர்" என்று யாராவது சொன்னால் எது என்று கேளுங்கள்.

64 ஜிபி ஸ்டோரேஜ்?

வீடியோ இறக்கி வைக்காதவருக்குச் சரி. மெமரி கார்டு போட இடமிருந்தால் புத்தகமும் படமும் கார்டில் போகும், ஆனால் செயலிகள் பெரும்பாலும் டேப்பிலேயே உட்காரும். ஐபேட்டில் கார்டு செருக இடமே இல்லை, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை.

அளவைவிட வகையைக் கேளுங்கள். மலிவான டேப்களில் இஎம்எம்சி என்ற வகை இருக்கும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி என்று தரநிர்ணயத்திலேயே இருக்கிறது, நிஜத்தில் அதற்கும் கீழே. யூஎஃப்எஸ் என்று போட்டிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வாங்கிய புதிதில் வேகமாக இருந்து, ஒரு வருடத்தில் ஆமையாகும் டேப்களில் பல இஎம்எம்சி நிரம்பி வழிபவைதான்.

திரையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பார்க்க?

தமிழ் படிக்கிறவர் என்றால் புள்ளியைப் பாருங்கள். திரையின் புள்ளியைச் சொல்லவில்லை, நம் மெய்யெழுத்தின் புள்ளியை.

ஒரு அங்குலத்தில் எத்தனை திரைப்புள்ளிகள் என்பதுதான் பிபிஐ. அந்த ஐபேட்டில் 264. ஏ9 பிளஸில் 11 அங்குலத்துக்கு 1920க்கு 1200, கணக்குப் போட்டால் 206 வரும். அதன் தம்பி, 8.7 அங்குல ஏ9இல் 1340க்கு 800, அதாவது 179தான். இப்போது ஒரு செய்தித்தாளின் மின்பதிப்பை முழுப் பக்கமாகத் திறந்து, பெரிதாக்காமல், ஒரு சின்னச் செய்தியைப் படியுங்கள். 264இல் "கண்ணன்" என்பதில் ண், ன் இரண்டின் சுழியும் தனித்தனியாகத் தெரியும், மேலே புள்ளி வட்டமாக உட்கார்ந்திருக்கும். 179இல் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று கண் கொஞ்சம் யோசிக்கும், புள்ளி ஒரு அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு இந்தக் கஷ்டம் இவ்வளவு தெரியாது, அதனால் வெளிநாட்டு விமர்சனங்களில் இதை யாரும் சொல்வதில்லை. விரலால் பெரிதாக்கிப் படிக்கலாம்தான். ஆனால் பத்திக்குப் பத்தி பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படிப்பது படிப்பா?

இரண்டாவது, கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மேல்கண்ணாடியைத் திரையோடு ஒட்டிச் செய்வதை லேமினேஷன் என்பார்கள். ஐபேட் ஏரில் உண்டு, சாதாரண ஐபேட்டில் இல்லை. விரல் நகத்தால் லேசாகத் தட்டினால் ஒட்டாத திரையில் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் வரும். சாய்த்துப் பார்த்தால் எழுத்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது போல இருக்கும். படம் பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பேனாவால் எழுதுகிறவருக்கு, முனை ஓரிடம், கோடு ஓரிடம் என்று முதல் சில நாள் படுத்தும்.

மூன்றாவது வெளிச்சம். 400, 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) உள்ளவை வீட்டுக்குள் தாராளம். பால்கனிக்கு எடுத்துப் போனால் உங்கள் முகம்தான் தெரியும். கடையின் பளீர் விளக்கில் முடிவு செய்யாமல் வாசல் வரை எடுத்துப் போய்ப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள், கூடவே ஒரு பையனை அனுப்புவார்கள்.

90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் அவசியமா?

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு இது. அவசியமில்லை. ஆனால் அதைப் பார்த்துப் பழகிவிட்டால் 60க்குத் திரும்புவது கஷ்டம், அதனால் வாங்கும் உத்தேசம் இல்லையென்றால் கடையில் தொடாமலிருப்பது நல்லது.

பேட்டரி: ஒன்றில் 7,040 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, ஐபேட்டில் 28.6 வாட் அவர் என்கிறது. எது பெரியது?

எம்ஏஎச் எண்ணை 3.85ஆல் (இந்த வகைப் பேட்டரியின் வழக்கமான வோல்ட்) பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 7,040க்கு 27 வாட் அவர் வரும். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐபேட் ஒரு நூல் கூட.

ஆப்பிள் 2010இல் விற்ற முதல் ஐபேட்டுக்கும் "10 மணி நேரம்" என்றுதான் சொன்னது, இன்றும் அதே 10 மணி நேரம்தான் சொல்கிறது. அந்த 10 உங்கள் வீட்டில் எத்தனை என்று தெரிய: நீங்கள் வழக்கமாக வைக்கும் வெளிச்சத்தில், வை-ஃபையில், வழக்கமான வேலையை இரண்டு மணி நேரம் செய்யுங்கள். 18 சதவீதம் இறங்கினால் முழு சார்ஜுக்கு 11 மணி நேரம் ஓடும். இரவு படுக்கும்போது ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா கிடந்தே பத்து சதவீதம் குடித்திருந்தால் ஏதோ ஒரு செயலி இராத்திரி விழித்திருக்கிறது.

சார்ஜ் ஏறும் நேரத்தையும் கணக்கிட்டுவிடலாம். 27 வாட் அவர் பேட்டரியை ஏ9 பிளஸ் ஏற்கும் 15 வாட்டில் நிரப்ப, வெறும் வகுத்தலில் ஒன்றே முக்கால் மணிக்கு மேல். கடைசி இருபது சதவீதம் நத்தையாக ஏறும் என்பதால் இரண்டரை மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் திரை தானாக மங்குகிறது. பழுதா?

அநேகமாக இல்லை. ஐபேட்டை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதியிருக்கிறது. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மத்தியானம் 35 டிகிரி என்பது குளிர்ச்சி! சூடு ஏறினால் டேப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப்பின் வேகத்தைக் குறைக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். அதனால்தான் விமர்சனங்களில் ஏசி அறையில் எடுத்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். வாங்கியது கோடை என்றால் பதினைந்து நிமிடச் சோதனையை மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். அட்டை உறையைக் கழற்றிவிட்டுச் செய்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பேனா எல்லா டேப்பிலும் வேலை செய்யுமா?

இல்லை, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏ9 பிளஸ் சாம்சங்தான், ஆனால் சாம்சங்கின் எஸ் பென் அதில் எழுதாது. ரப்பர் முனைக் குச்சி எழுதும், அது விரலால் எழுதுவதற்குச் சமம். அதே நிறுவனத்தின் டேப் எஸ்6 லைட், டேப் எஸ்9 போன்றவற்றில் பேனா பெட்டிக்குள்ளேயே வரும்.

10ஆம் தலைமுறை ஐபேட்டின் கதை இன்னும் வேடிக்கை. டேப்பில் யூஎஸ்பி-சி துளை. அதற்கென்று சொன்ன முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலின் வாலில் லைட்னிங் என்ற ஆப்பிளின் பழைய முனை. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும், அது தொலைந்தால் பென்சில் வெறும் குச்சி. 2023 நவம்பரில் யூஎஸ்பி-சி பென்சில் வந்து இந்தத் தலைவலி தீர்ந்தது. ஆனால் அதில் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிமனாகும் வசதி கிடையாது. ஓவியருக்கு அது குறை. மெய்ப்பில் சுழிக்கவும் அடிக்கவும் எனக்கு அது தேவையே இல்லை.

சோதிக்க: உள்ளங்கையைத் திரையில் முழுதாகப் பதித்துக்கொண்டு "ஐ" என்று பெரிதாக எழுதுங்கள். அவ்வளவு சுழிவிலும் கோடு அறுபடாமல், கை பட்ட இடத்தில் கறை விழாமல் வந்தால் நல்ல பேனா, நல்ல திரை.

படம் ஏன் கலங்கலாகத் தெரிகிறது? திரை ஃபுல் எச்டி என்றுதான் வாங்கினேன்.

ஆண்ட்ராய்டு டேப்பில் வைட்வைன் என்று கூகுளின் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் எல்1 தகுதி இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டியில் அனுப்பும். எல்3 என்றால் திரை எவ்வளவு உசத்தியானாலும் சாதாரணத் தரம்தான். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டால் எது என்று சொல்லிவிடும். பெயர் தெரியாத மலிவு டேப்களில் இதை முதல் நாளே பாருங்கள். ஐபேட்டில் இந்தக் கேள்வி எழாது, ஆப்பிளின் ஏற்பாடு வேறு.

சிம் போடுவது எடுக்கலாமா, வை-ஃபை மட்டும் போதுமா?

வீட்டோடு இருக்கும் டேப்புக்கு வை-ஃபை போதும், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். வை-ஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் கிடையாது, காரில் வழி பார்க்க உதவாது. யூபிஐ செயலிகள் உங்கள் வங்கி எண்ணின் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் சாதனத்தைப் பதிவு செய்யும், ஆகவே சிம் இல்லாத டேப்பில் பணம் அனுப்ப நினைக்க வேண்டாம். சிம் போட்ட ஐபேட்டிலும் சாதாரண போன் அழைப்பு வராது. சாம்சங்கின் பல எல்டிஇ (சிம் போடும்) டேப்களில் வரும்.

தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி?

இரண்டும் வசதிதான். ஐபேட்டில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது சேர்ந்தவை, மலேசியாவின் முத்து நெடுமாறன் கைவண்ணம். ஆண்ட்ராய்டில் அவருடைய செல்லினமும் கூகுளின் ஜிபோர்டும் உண்டு. ஜிபோர்டில் விரலால் தமிழ் எழுதினாலும் எழுத்தாக மாற்றும், வயதானவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது அதைத்தான்.

வந்த முதல் நாள் கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

தொடுதிரையின் மூலை முடுக்கெல்லாம். முன்பு வைத்திருந்த ஒரு டேப்பில் "ஞாயிறு" என்று அடித்தால் "ஆயிறு" என்று வந்தது. தமிழ்99இல் ஞ வலது கோடியில் இருக்கும். என் விரல்தான் தடுமாறுகிறது என்று பத்து நாள் என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் திரைக்கு உணர்ச்சியே இல்லை. மாற்றித் தரும் கெடு ஏழு நாள், நான் போனது பன்னிரண்டாம் நாள். சர்வீஸ் சென்டரில் "யூசர் டேமேஜ்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து புது டேப் வந்ததும் முதல் வேலை, முகப்புத் திரையில் ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, கோலம் போடுவது போலத் திரை முழுக்க இழுப்பது. எந்த இடத்தில் கையை விட்டு நழுவுகிறதோ அந்த இடம் செத்துக் கிடக்கிறது. இரண்டு நிமிடம் ஆகாது. அப்படியே ஒரு வெள்ளைப் படத்தை முழுத்திரையில் திறந்து கருப்புப் புள்ளியோ ஓரத்தில் மஞ்சளோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

பேட்டரி சாவதற்கு முன்னால் அப்டேட் நின்று சாகும் டேப்கள்தான் அதிகம். 2019இல் வந்த 7ஆம் தலைமுறை ஐபேட் ஐபேட்ஓஎஸ் 13இல் தொடங்கி 18 வரை வாங்கியது. சாம்சங் டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருடம் என்று சொல்லியிருக்கிறது. மலிவு டேப்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, இல்லாததையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா?

டேப்பைத் தூக்கிப் பிடித்துக் கல்யாணத்தில் படம் எடுக்கும் பெரியப்பாக்களைத் தவிர யாருக்கும் பின் கேமரா முக்கியமில்லை. முன் கேமரா நீளவாட்டு விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய விளிம்பில் இருந்தால் வீடியோ அழைப்பில் நீங்கள் எப்போதும் பக்கத்து வீட்டைப் பார்ப்பது போல இருப்பீர்கள்.

பழைய ஐபேட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, "ஹலோ" திரையைக் காட்ட வேண்டும். அது இல்லாமல் பணம் கொடுத்தால் கையில் இருப்பது கண்ணாடிப் பலகைதான். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை செட்டிங்ஸில் காட்டும் வசதி 2024 முதல் வந்த மாடல்களில்தான். அதற்கு முந்தியது என்றால் அங்கேயே அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள், டீ குடித்துக்கொண்டே.

மூவாயிரம், நாலாயிரத்துக்கெல்லாம் கிடைக்கிறதே?

2011 அக்டோபரில் மாணவர்களுக்கென்று இந்திய அரசு கொண்டுவந்த மலிவு டேப், ஆகாஷ் வந்ததே, நினைவிருக்கிறதா? ஏழு அங்குலம், 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் கேட்கும் திரை. நல்ல நோக்கம்தான், ஆனால் கையில் வாங்கியவர்கள் அழுத்தி அழுத்திச் சலித்துப் போனார்கள். இன்றைய நாலாயிர ரூபாய் டேப் அதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் அந்த விலைக்கு நல்ல நிலையில் உள்ள பழைய டேப்பைத் தேடுவேன்.

எடை? யாரும் அதைப் பற்றிக் கேட்கிறார்களா?

கேட்பதே இல்லை! ஐபேட் 477 கிராம், ஏ9 பிளஸ் 480. கடையில் இரண்டு கையாலும் ஏந்தும்போது பூ மாதிரி இருக்கும். அட்டை உறை, பேனா எல்லாம் மாட்டி வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், முக்கால் கிலோவை நெருங்கும். கடையில் ஒரு கையால், ஓரத்தில் பிடித்து, ஐந்து நிமிடம் நின்றபடியே எதையாவது படியுங்கள். கட்டைவிரல் வலித்தால் 8 அங்குலப் பக்கம் போங்கள். என் அம்மா மல்லாந்து படுத்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர். 11 அங்குலம் இரண்டு முறை மூக்கில் விழுந்த பிறகு அவருக்கு 8.7 வாங்கிக் கொடுத்தோம், எழுத்தைப் பெரிதாக்கி வைத்து. புள்ளி மங்கலாகத்தான் தெரிகிறது, பரவாயில்லை என்கிறார்.